ஆபீஸில் கேட்டுச் சொல்கிறேன்

"உள்ளே வாங்களேன். ஏன் வாசல்லயே நிக்கறீங்க?"

சாண்ட்விச் தட்டை நீட்டியபடி ஏவ்ரில் கேட்டாள். கிராம மண்டபத்தின் வாசலில் நின்றிருந்த இரண்டு பேரும் குனிந்து தங்கள் கால்களைப் பார்த்துக்கொண்டார்கள். கறுப்பு சூட், கறுப்பு டை. அதற்குக் கீழே முழங்கால் வரை சேறு அப்பிய ரப்பர் பூட்ஸ்.

"கழட்டிட்டு வந்துடறோம்," என்றார் குட்டையாக இருந்தவர். "தகனத்துக்கு ஒழுங்கா ஷூ போட்டுக்கிட்டுத்தான் வந்தோம். கடைசி வரிசையில இருந்தோம், நீங்க பார்த்திருக்க மாட்டீங்க. நடுவுல வயலுக்கு ஒரு நடை போக வேண்டியதாயிடுச்சு. அடிக்கிற காத்துல வாளி பறந்திருக்குமோன்னு பயம்."

எந்த வாளி என்று அவளுக்குக் கேட்கத் தோன்றவில்லை. அந்தக் குரலைத்தான் கவனித்துக்கொண்டிருந்தாள். பன்னிரண்டு நாளைக்கு முன்னால், ஞாயிற்றுக்கிழமை பகல் பதினொன்றரைக்கு, அவள் அடுப்பில் உருளைக்கிழங்கை ஏற்றிக்கொண்டிருந்தபோது கணவர் மெர்வினின் எண்ணிலிருந்து வந்த குரல். 'மிசஸ் தர்க்கெட்டில், நான் க்ளைவ் பேசறேன், மெர்வின்கூட வயலுக்குப் போறவன்' என்று ஆரம்பித்து, அதற்கு மேல் நகர முடியாமல் திணறிய குரல்.

"நீங்கதான் க்ளைவ்," என்றாள்.

"ஆமாங்க. இவன் ஹோவர்ட். இடது காது கேக்காது, வலது பக்கம் நின்னு பேசுங்க. அப்பவும் பதில் வரும்னு எதிர்பார்க்காதீங்க."

"கேக்குது," என்றார் நெடிய மனிதர், ஒற்றைக்காலில் நின்று பூட்ஸை இழுத்தபடி.

பத்தொன்பது வருடம். ஞாயிறு தவறாமல் மெர்வின் இந்த இரண்டு பேரோடுதான் இருந்தார். பனி பெய்தாலும் போவார், காய்ச்சல் இருந்தாலும் போவார். காலை ஏழு மணிக்கு மண்ணுக்குள் உலோகம் தேடும் டிடெக்டரையும் குறுகலான மண்வெட்டியையும் காரில் ஏற்றிக்கொண்டு, இருபது மைல் தள்ளி இருக்கும் பண்டிங் என்ற விவசாயியின் வயலுக்குக் கிளம்பிவிடுவார். யாரோ எந்தக் காலத்திலோ தொலைத்த செப்புக் காசு, பெல்ட் கொக்கி, பட்டன் என்று ஒரு தகர டப்பா நிறையச் சேற்றோடு மாலையில் திரும்புவார். முதல் வருடம் ஒரே ஒரு தடவை அவளும் போனாள். வயலோரம் காருக்குள் மூன்று மணி நேரம் உட்கார்ந்து அரை ஸ்வெட்டர் பின்னினாள். தூரத்தில் மூன்று ஆண்கள் ஹெட்போனால் காதை மூடிக்கொண்டு தலையைக் குனிந்து, எதையோ தொலைத்தவர்கள் மாதிரி மெல்ல மெல்ல நடந்துகொண்டிருந்தார்கள். அதற்குப் பிறகு மெர்வின் கூப்பிடவில்லை. கூப்பிட்டால் போகலாம் என்று அவளும் சொல்லவில்லை. அப்படியே பத்தொன்பது வருடம் ஓடிவிட்டது.

அவர் போனதிலிருந்து அவள் மனத்தைக் குடைந்துகொண்டிருந்தது ஒன்றே ஒன்றுதான். அந்த வயலில், அத்தனை ஞாயிற்றுக்கிழமைகளில், தன் பேச்சு ஒரு தடவையாவது வந்திருக்குமா? வீட்டில் மெர்வின் பேசுகிறவர் இல்லை. அந்தப் பேச்சையெல்லாம் எங்கேயாவது கொட்டியிருப்பார் இல்லையா, இவர்களிடம்தான் கொட்டியிருப்பார் என்று அவள் நினைத்திருந்தாள். ஆனால் தகனம் முடிந்த கையோடு, கையில் முட்டை சாண்ட்விச்சோடு, அதை எப்படிக் கேட்பது?

இருவரும் காலுறையோடு உள்ளே வந்து மூலை மேசையில் உட்கார்ந்தார்கள். ஹோவர்டின் இடது கட்டைவிரல் காலுறையின் ஓட்டை வழியாக எட்டிப் பார்த்தது. ஏவ்ரில் தேநீர் ஊற்றிக் கொடுத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள்.

"சவப்பெட்டி மேல அவனோட பழைய கோட்டை வச்சிருந்தீங்களே," என்றார் க்ளைவ். "அதைப் பார்த்ததும்தான் எனக்கு என்னவோ பண்ணிடுச்சு. மூணு பித்தளை பட்டன், ஒரு பழுப்பு பட்டன். அரை மைல் தள்ளி வந்தாலும் அவன்தான்னு சொல்லிடலாம். 'ஏண்டா, ஊர் மண்ணையெல்லாம் தோண்டி பட்டன் எடுக்கறே, உன் கோட்டுக்கு ஒண்ணு கிடைக்கலியா'ன்னு கேட்போம்."

"அதுக்கு என்ன சொல்வார்?"

"ஒண்ணும் சொல்ல மாட்டான். மெர்வின் எங்க பேசினான்? மெஷின்தான் பேசும்." க்ளைவ் சிரித்து, பிறகு சிரிக்கலாமா என்று சந்தேகம் வந்தவர்போல நிறுத்தினார். "உண்மையைச் சொல்லணும்னா, உங்க பேர் ஏவ்ரில்னே அன்னிக்கு அவன் போனை எடுத்துப் பார்த்தப்பத்தான் எங்களுக்குத் தெரியும். வீட்டைப் பத்தி வாயே திறக்க மாட்டான்."

"கல்யாணம் ஆனவன்னு தெரியும்," என்றார் ஹோவர்ட், ஆறுதலாக. "மோதிரம் போட்டிருந்தான்."

ஏவ்ரில் தலையாட்டினாள். கேட்காமலே பதில் கிடைத்துவிட்டது. எழுந்து, காலியாகாத பால் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு சமையலறைப் பக்கம் போனாள். அதைக் கழுவுதொட்டியில் கொட்டிவிட்டுப் புதுப் பால் ஊற்றினாள். ஜில்லியன் உள்ளே வந்து, "அம்மா, மூணே காலுக்கு எனக்கு ரயில். நாளைக்குப் பசங்களை யார்கிட்டயும் விட முடியாது. நீயும் வந்துடேன், ஒரு வாரம் இரு," என்றாள். காலையிலிருந்து இது நாலாவது தடவை.

"அடுத்த மாசம் வரேன்."

"இதையேதான் சொல்லிக்கிட்டிருக்கே. யார் அந்த ரெண்டு பேரும்? வெறும் சாக்ஸோட?"

"அப்பாவோட சிநேகிதங்க."

"கேக்கை முழுசா முடிச்சிட்டாங்கம்மா."

"சாப்பிடட்டும். ஞாயித்துக்கிழமை வயல்லயும் இப்படித்தான் இருக்கும்போல."

அவள் பாலோடு திரும்பியபோது க்ளைவ் கழுத்தை நீட்டி மண்டபத்தில் இருந்தவர்களை ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டிருந்தார். "ஏவ்ரில், தப்பா நினைக்காதீங்க. ஆபீஸ்காரம்மா வந்திருக்காங்களா? அவங்களை ஒரு தடவை நேர்ல பார்த்துடணும்னு எங்களுக்கு ரொம்ப நாள் ஆசை."

"எந்த ஆபீஸ்?"

"அதான் எங்களுக்கும் தெரியாது. நகரத்துல இருக்குமா இருக்கும். வயல்ல எது கிடைச்சாலும் மெர்வின் வாங்கிப் பையில போட்டுப்பான். 'ஆபீஸ்ல கேட்டுச் சொல்றேன்'னு சொல்லுவான். வியாழக்கிழமை சாயங்காலம் போன் வரும். 'ஆபீஸ் சொல்லிடுச்சு'ன்னு ஆரம்பிப்பான். அந்தம்மா யாரோ பெரிய கைகாரி. காசெல்லாம் அவ்வளவா பார்க்க மாட்டாங்க, பட்டன்னா விட மாட்டாங்க. நான் ஒரு தடவை ரோமானியர் காலத்து ப்ரூச் நகை ஒண்ணு எடுத்தேன். எடுத்தேன்னு நெனச்சு ராத்திரியெல்லாம் தூங்கலை. வியாழக்கிழமை ஒத்தை வரியில பதில். 'தண்ணிக் குழாயோட கைப்பிடி. கழுவினா திரும்ப மாட்டிக்கலாம்.'"

ஹோவர்டின் தோள்கள் சத்தமில்லாமல் குலுங்கின.

ஏவ்ரில் பால் பாத்திரத்தை மேசைமேல் வைத்தாள். குழாய்க் கைப்பிடி. அதை அவள் சொன்னபோது கை நிறையப் பட்டாணித் தோல். மெர்வின் நாளிதழை விரித்து அதன்மேல் அந்தப் பொருளை வைத்து, 'இது என்னன்னு சொல்லு' என்று கேட்டிருந்தார். அவள் ஓரக்கண்ணால் பார்த்துவிட்டுச் சொன்னாள். அவ்வளவுதான் நடந்தது.

நாற்பது வருடம் அவள் கடைத்தெருத் துணிக்கடையில் பட்டன் பகுதியில் நின்றவள். சுவர் முழுக்கச் சின்னச் சின்ன இழுப்பறைகள். எந்தப் பட்டன் எந்த ஆண்டு, எந்தக் கோட்டுக்கு என்று விரலுக்கே தெரியும். ஓய்வு பெற்ற பிறகு அந்த அறிவை வாங்கிக்கொள்ள மெர்வினைத் தவிர ஆள் இல்லை. ஞாயிறு இரவு ஒரு பேசின் பாத்திரத்தில் வெந்நீர் ஊற்றி, பழைய டூத்பிரஷால் ஒவ்வொன்றாகத் தேய்த்து, திங்கட்கிழமைக்குள் எல்லாவற்றையும் சொல்லிவிடுவாள். வியாழன் வரை ஏன் காத்திருந்தார்? ஆபீஸ் என்றால் நாலு நாளாவது ஆகவேண்டும் என்றா?

"ரொம்பக் கண்டிப்பானவங்க," என்று க்ளைவ் தொடர்ந்தார். "'பட்டனோட முன்பக்கத்துப் பூவையும் கிரீடத்தையும் பார்த்து ஏமாறாதீங்க, திருப்பி முதுகைப் பாருங்க'ன்னு சொல்லி அனுப்புவாங்க. இப்ப நாங்களும் எது எடுத்தாலும் முதல்ல திருப்பித்தான் பார்க்கறோம். நான் ஒரு நாள் சொன்னேன், 'நானே நேர்ல கொண்டுபோய்க் காட்டறேன், அட்ரஸைக் குடுடா'ன்னு. மூஞ்சியே மாறிடுச்சு அவனுக்கு. 'ஆபீஸ் வெளியாளைப் பார்க்காது, எனக்கு மட்டும்தான் திறக்கும்'னுட்டான்."

"எனக்கு ஒரு தடவை நல்லா இருக்குன்னாங்க," என்றார் ஹோவர்ட்.

"ஆரம்பிச்சுட்டான். காட்டாம விடமாட்டான்."

ஹோவர்ட் பர்ஸைத் திறந்து, நாலாக மடித்த காகிதம் ஒன்றை எடுத்தார். அதற்குள் ஒரு சீருடைப் பட்டன். மேலே மான் தலை, ஒரு ஓரம் மட்டும் வழுவழுவென்று தேய்ந்திருந்தது. காகிதத்தில் மெர்வினின் கட்டை எழுத்து: 'பெரிய வீட்டு வண்டிக்காரன் பட்டன். கடிவாளத்தைப் பிடித்துப் பிடித்து முழங்கை உரசி இந்த ஓரம் தேய்ந்திருக்கிறது. பாவம், இதைத் தொலைத்ததற்குச் சம்பளத்தில் பிடித்திருப்பார்கள்.'

அவள் சொன்ன வார்த்தைகள். ஒன்று விடாமல். அந்தப் 'பாவம்' கூட.

மெர்வின் எழுதிக்கொண்டதை அவள் பார்த்ததே இல்லை. அவள் படுக்கப் போன பிறகு எழுதியிருக்க வேண்டும்.

"வரலை," என்றாள் ஏவ்ரில். "ஆபீஸ்லேருந்து யாரும் வரலை."

"அவங்களுக்குச் செய்தி போச்சோ என்னவோ," என்று க்ளைவ் வருத்தப்பட்டார். "அவங்களும்தானே இனிமே காத்துக்கிட்டிருப்பாங்க."

ஜில்லியனை டாக்சியில் ஏற்றிவிட்டு வந்தபோது மண்டபம் காலியாகிவிட்டிருந்தது. அக்கம்பக்கத்துப் பெண்கள் கோப்பைகளைக் கழுவி அடுக்கிவிட்டுப் போயிருந்தார்கள். க்ளைவும் ஹோவர்டும் மட்டும் மறுபடி பூட்ஸ் போட்டுக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் தண்டனைக்கு நிறுத்தப்பட்டவர்கள் மாதிரி வேன் பக்கத்தில் நின்றிருந்தார்கள்.

"ஒரு விஷயம் பாக்கி இருக்கு," என்றார் க்ளைவ். "கேக்கறது சரியா தெரியலை. மெர்வின் வெட்டின குழி இன்னும் திறந்தே கிடக்கு."

"என்ன குழி?" என்றாள்.

"எங்களுக்குள்ள ரெண்டு வழக்கம்தான். அவனவன் குழியை அவனவன் மூடணும். அடுத்தவன் குழியில கை வைக்கக் கூடாது. அன்னிக்கு அவனுக்கு மெஷின்ல ஏதோ கேட்டிருக்கு. வெட்டிட்டான், எடுக்கலை. அது இன்னும் உள்ளேதான் இருக்கு. நாங்க வாளியைக் கவுத்துப் போட்டு, மேல ஒரு கல்லை வச்சிட்டு வந்தோம். பண்டிங் போன வாரம் பார்லி விதைச்சான். பெரிய மனசு, அந்த இடத்தை மட்டும் விட்டு வச்சிருக்கான். முளை விடறதுக்குள்ள வந்து முடிச்சுக்குங்கன்னான். எங்க ரெண்டு பேருக்கும் அதுல உரிமை இல்லை. உங்களுக்கு இருக்கு."

"எனக்கு அந்த மெஷினைப் பிடிக்கக்கூடத் தெரியாதே."

"ஹோவர்ட் சொல்லித் தருவான். சத்தமே போடாம."

வேனின் முன்சீட்டில் இருவருக்கும் நடுவில் உட்கார்ந்து போனாள். காலில் மெர்வினின் பூட்ஸ். அன்றைக்கு அவர் மெஷினோடு சேர்த்து க்ளைவ் வேனில் எடுத்து வைத்திருந்தது, நுனியில் செய்தித்தாளைத் திணித்துப் போட்டுக்கொண்டாள். பின்னால் வளைவுகளில் மண்வெட்டிகள் ஒன்றோடொன்று உரசிக் கிணுகிணுத்தன. வழியில் யாரும் பேசவில்லை. பீட்ரூட் ஏற்றிய டிராக்டர் ஒன்று முன்னால் போய்க்கொண்டிருந்தது. க்ளைவ் ஹாரன் அடிக்காமல் அதன் பின்னாலேயே ஊர்ந்தார்.

விதைத்த வயலில் கால் வைக்கக் கூடாது. டிராக்டர் சக்கரம் அழுத்திய தடத்திலேயே ஒருவர் பின் ஒருவராக நடந்தார்கள். ஏவ்ரில் நடுவில். மண் சீவிவிட்ட தலைமுடி மாதிரி கோடு கோடாக அடிவானம் வரை போயிற்று. வயலின் நடுவில் ஒரு நீல வாளி. பக்கத்தில் போனபோதுதான் பார்த்தாள்: நேராக வந்த விதைக் கோடுகள் வாளிக்கு முன்னால் விலகி, சுற்றி வளைந்து, அந்தப் பக்கம் மறுபடி ஒன்று சேர்ந்திருந்தன. அத்தனை பெரிய இயந்திரத்தை இதற்காகத் திருப்பியிருக்கிறார்கள்.

க்ளைவ் வாளியைத் தூக்கவில்லை. தொப்பியைக் கழற்றிக் கையில் உருட்டிக்கொண்டிருந்தார்.

"அதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லிடறேன். நான் அதோ அந்த வேலியோரம் இருந்தேன். மெர்வின் முட்டி போட்டிருந்தான், இந்தப் பக்கம் முதுகைக் காட்டிக்கிட்டு. ஒருத்தன் முட்டி போட்டா, அவன் கை தூக்கற வரைக்கும் நாங்க கிட்ட போகமாட்டோம். நல்லது ஏதாவது கிடைச்சிருக்கும். கொஞ்ச நேரம் தனியா வச்சுப் பார்த்துக்கட்டும்னு விட்டுடுவோம். அது அவனோட நேரம்." தொப்பியை மறுபக்கம் திருப்பினார். "நான் ஹோவர்டுக்கு சைகை காட்டினேன், பெருசா மாட்டிருக்குடான்னு. சிரிச்சோம். ஃப்ளாஸ்க்கைத் திறந்து டீ குடிச்சோம். அவனுக்கும் ஒரு கப் ஊத்தி வச்சோம்."

"எவ்வளவு நேரம்?"

"இருபது நிமிஷம் இருக்கும்."

"இருபத்தஞ்சு," என்றார் ஹோவர்ட்.

காற்று அவள் ஸ்கார்ஃபை முகத்தில் அடித்தது. அவள் அதை ஒதுக்கவில்லை. இருபத்தைந்து நிமிடம் இந்த இடத்தில், இந்த மண்ணில், அவர் முட்டிபோட்டு இருந்திருக்கிறார். அதே நேரம் வீட்டில் அவள் வானொலியைக் கேட்டபடி உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தாள். யாராவது ஓடி வந்திருந்தால் என்று ஒரு நொடி நெஞ்சு கொதித்தது. க்ளைவின் கையில் தொப்பி சுற்றிக்கொண்டே இருந்தது. பன்னிரண்டு நாளாக இந்த மனிதர் இதைச் சுமந்துகொண்டு அலைந்திருக்கிறார்.

"டாக்டர்கிட்ட கேட்டேன்," என்றாள். "முட்டி தரையில படறதுக்கு முன்னாடியே முடிஞ்சிருக்கும்னார்."

டாக்டர் அப்படிச் சொல்லவில்லை. உறுதியாகச் சொல்ல முடியாது என்றுதான் சொன்னார்.

க்ளைவ் வேலிப் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். ஹோவர்ட் வாளியை எடுத்தார்.

சதுரமாக, சுத்தமாக வெட்டின சின்னக் குழி. பக்கத்தில் மண்கட்டி புல்லோடு மடக்கி வைக்கப்பட்டிருந்தது, திரும்ப மூடுவதற்கு வசதியாக. எல்லாவற்றையும் அவர் அப்படித்தான் செய்வார். மருந்து அட்டையைக்கூட ஓரம் பிசகாமல் கிழிப்பார்.

ஹோவர்ட் மெர்வினின் ஹெட்போனை அவள் காதில் மாட்டிவிட்டு, அவள் கையோடு சேர்த்து மெஷினைப் பிடித்துக் குழிமேல் மெல்ல நகர்த்தினார். உலகம் அடைத்துப்போயிற்று. காற்றின் சத்தம் இல்லை, க்ளைவ் மூக்கைச் சிந்தும் சத்தம் இல்லை. தன் மூச்சு மட்டும். அப்புறம் திடீரென்று, ஒரு குழந்தை விசிலை ஒரே ஒரு தடவை ஊதினதுபோல. திரும்ப நகர்த்தினாள். திரும்ப ஊதிற்று. இங்கே இருக்கிறேன், இங்கே இருக்கிறேன் என்பதுபோல.

அவர் கடைசியாகக் கேட்டது இதுதான். அவள் மெஷினை இன்னும் நாலைந்து தடவை நகர்த்தினாள். ஹோவர்ட் அவசரப்படுத்தவில்லை.

பிறகு மண்டியிட்டாள். கறுப்புப் பாவாடையில் சேறு ஏறியது. கையாலேயே தோண்டினாள். ஈரக் களிமண், இரண்டு சிக்கிமுக்கிக் கற்கள், அறுந்த புழு ஒன்று. குழியின் பக்கச் சுவரில் விரல்நுனிக்கு ஒரு வட்டம் தட்டுப்பட்டது. பிடுங்கி எடுத்தாள். வால்நட் அளவுக்கு ஒரு மண் உருண்டை. பெருவிரலால் துடைத்தபோது நடுவில் மங்கலாகப் பச்சை படர்ந்த ஒரு விளிம்பு தெரிந்தது.

அவள் அப்படியே மண்டியிட்டபடி அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தபோது இரண்டு பேரும் பத்தடி பின்னால் போய் நின்றிருந்தார்கள். வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அவளுக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. கையைத் தூக்கினாள்.

"என்னது? என்னது?" க்ளைவ் தடத்தை மறந்து ஓடி வந்தார். "பட்டன்! பட்டன்தான்டா. திருப்புங்க, முதுகைப் பார்ப்போம். ஒண்ணும் தெரியலையே, மண் இறுகி ஒட்டியிருக்கு. தேய்க்காதீங்க, தேய்க்காதீங்க! ஆபீஸ்ல திட்டுவாங்க." சட்டென்று அவர் முகம் வாடியது. "இனிமே அந்த ஆபீஸை எங்கே போய்த் தேடறது?"

ஏவ்ரில் அதைக் கைக்குட்டையில் சுற்றிக் கைப்பைக்குள் வைத்தாள். "எனக்கு இடம் தெரியும்," என்றாள். "நான் கொடுத்துக் கேட்டுச் சொல்றேன்."

"உங்களை உள்ளே விடுவாங்களா?"

"பார்க்கலாம்."

குழியை அவள்தான் மூடினாள். மண்ணைத் தள்ளி, மடக்கி வைத்த கட்டியைத் திருப்பிப் பொருத்தி, மெர்வினின் பூட்ஸால் மிதித்து அழுத்தினாள். ஹோவர்ட் வாளியை எடுத்துக்கொண்டார். கொஞ்சம் தள்ளி வந்து திரும்பிப் பார்த்தபோது இடம் அடையாளம் தெரியவில்லை. ஒன்றுமில்லாத ஏதோ ஒன்றுக்காகக் கோடுகள் மட்டும் வளைந்திருந்தன.

வீட்டுக்கு வந்து, கோட்டைக்கூடக் கழற்றாமல், பேசினில் வெந்நீர் ஊற்றினாள். மேசையில் நாளிதழை விரித்தாள். மண் உருண்டையைத் தண்ணீரில் நனைத்து, டூத்பிரஷால் ஓரத்திலிருந்து நடுவை நோக்கிச் சின்னச் சின்ன வட்டமாகத் தேய்த்தாள். தண்ணீர் பழுப்பாயிற்று. வழக்கமாக இந்தத் தண்ணீரைத் தோட்டத்துக்குக் கொண்டுபோய் ரோஜாச் செடியடியில் ஊற்றுவது மெர்வினின் வேலை. களிமண் குழாயை அடைத்துக்கொள்ளும் என்று அவளைக் கழுவுதொட்டியில் கொட்ட விடமாட்டார். பட்டன் கழுவுவதில் அவர் செய்கிற ஒரே வேலையும் அதுதான்.

பித்தளை. நாலு துளை. முதுகைத் திருப்புவதற்கு முன்பே அவள் கை நின்றுவிட்டது.

துளைகளில் நூல் இருந்தது. மண்ணில் மட்கிப்போகாத நைலான் நூல், கருநீலம். நாலு துளையிலும் குறுக்காக ஓடி, அடியில் ஐந்து சுற்றுச் சுற்றி, பக்கவாட்டில் முடிச்சிட்டிருந்தது. கடைக்கு வந்த பெண்களுக்கெல்லாம் அவள் சொல்லிக்கொடுத்த முடிச்சு. மெர்வினின் கோட்டுக்குக் கறுப்பு நூல்தான் பொருத்தம். அன்றைக்கு வீட்டில் கறுப்பு தீர்ந்து போயிருந்தது. 'நீலமா இருந்தா என்ன, வயல்ல யார் பார்க்கப் போறாங்க?' என்று மெர்வின் சொன்னார். அந்தக் குளிர்காலமே, நீல நூலில் தைத்த அந்தப் பட்டனை வயலில் தொலைத்துவிட்டு வந்து நின்றார். பதினோரு வருடம் இருக்கும். அவள் முணுமுணுத்துக்கொண்டே, டப்பாவில் கைக்குக் கிடைத்த பழுப்புப் பட்டனை வைத்துத் தைத்துக் கொடுத்தாள். பித்தளையில் வேறு வாங்கித் தைக்கிறேன் என்று பிறகு எத்தனையோ தடவை சொல்லியும் அவர் கோட்டைக் கொடுக்கவில்லை.

பட்டனை நாளிதழ்மேல் வைத்தாள். வெளியே இன்னும் வெளிச்சம் இருந்தது. பக்கத்து வீட்டில் யாரோ இலை பெருக்கிக்கொண்டிருந்தார்கள்.

வெள்ளி, சனி, ஞாயிறு போயிற்று. ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு அவளுக்கு விழிப்பு வந்துவிட்டது, யாரும் கதவைச் சாத்தாமலேயே. திங்களன்று க்ளைவ் பேசினார். செவ்வாயன்று மறுபடியும் பேசினார். "இன்னும் இல்லை," என்று இரண்டு தடவையும் சொன்னாள்.

வியாழக்கிழமை மாலை அவளே எண்ணைச் சுழற்றினாள்.

"ஆபீஸ் சொல்லிடுச்சு," என்றாள்.

அந்தப் பக்கம் க்ளைவ் தொலைக்காட்சியை நிறுத்துவது கேட்டது. "சொல்லுங்க. ஹோவர்டும் இங்கதான் இருக்கான். வலது காதை வச்சுக்கோடா. ம், சொல்லுங்க."

"இந்தக் காலத்துப் பட்டன். பழசு இல்லை."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான் எழுதியிருக்கு."

"அடக் கடவுளே." க்ளைவ் பெருமூச்சு விட்டார். "போயும் போயும் கடைசியா அவனுக்கு இதுவா கிடைக்கணும்? நல்லதா ஒரு காசு கிடைச்சிருக்கக் கூடாதா? சரி, ஆபீஸ் சொன்னா சொன்னதுதான். தூக்கிப் போட்டுடுங்க, ஏவ்ரில்."

"சரி."

"அவங்க எப்படி இருக்காங்க? ஆபீஸ்காரம்மா?"

ஏவ்ரில் கொஞ்சம் யோசித்தாள். "இருக்காங்க," என்றாள். "வேலைதான் அவ்வளவா இல்லைன்னாங்க."

"அப்படியா சொன்னாங்க?" க்ளைவின் குரல் தழைந்தது. ஹோவர்டிடம் ஏதோ சொல்வது கேட்டது. "அப்ப ஞாயித்துக்கிழமை எடுக்கறதை உங்ககிட்டத் தந்தா, கொண்டுபோய்க் குடுப்பீங்களா? வழிதான் உங்களுக்குத் தெரியுமே. நாங்க வீட்டு வாசல்ல வச்சிட்டுப் போயிடறோம். தொந்தரவு பண்ண மாட்டோம்."

"பூட்ஸைக் கழட்டிட்டு உள்ளேயே வரலாம்," என்றாள்.

போனை வைத்துவிட்டு ஒரு கோப்பைத் தேநீர் குடித்தாள். கழுவலாம் என்று பேசினை எடுக்கப் போனவள் நின்றாள். போன வெள்ளிக்கிழமையிலிருந்து அது மேசையிலேயே இருந்தது. மேலே தண்ணீர் தெளிந்துவிட்டிருந்தது. அடியில் மெல்லிய படலமாக வயல் படிந்து கிடந்தது.

அவள் அதை நகர்த்தவில்லை. அந்த ஒற்றைக் கோப்பையைக் குழாயடியிலேயே கழுவிக் கவிழ்த்து வைத்தாள்.